இரத்தக்காட்டேரிக் காதல் நாவல்கள்: வாசகர் கருத்துகளைக் கொண்டு முதல் நூலைத் தேர்வது எப்படி?

ஒரே நாவலைப் படித்த இருவரில் ஒருவர் "இதில் காதலே போதவில்லை" என்று குறைப்படுகிறார். இன்னொருவர் "காதலுக்காகக் கதையை அடிக்கடி நிறுத்திவிடுகிறார்கள்" என்று சலித்துக்கொள்கிறார். இவ்விரு கருத்துகளையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, எதை நம்பி நூலை எடுப்பது என்று தெரியாமல் நிற்பது, இந்த வகை நாவல்களுக்குப் புதிதாக வரும் அனைவருக்கும் நேர்வதுதான். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். முன்னவர் காதல் நாவல் என்று எண்ணி எடுத்தார். பின்னவர் துப்பறியும் கதை என்று எண்ணி எடுத்தார். ஒரு வாசகரின் கருத்தில் பாதி நூலைப் பற்றியது. மீதிப் பாதி அவர் எதை எதிர்பார்த்து வந்தார் என்பதைப் பற்றியது. அந்த மீதிப் பாதியைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டால், உங்கள் ரசனைக்கு நேரெதிரான ஒருவர் எழுதிய கண்டனம்கூட உங்களுக்குச் சரியான நூலைக் காட்டிக்கொடுக்கும். அதற்கான வழியைப் படிப்படியாகக் கீழே தருகிறேன்.

முதல் படி: நூல் எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இரத்தக்காட்டேரி வருகிற நாவல்கள் எல்லாம் காதல் நாவல்கள் அல்ல. அமானுஷ்யக் காதல் நாவலில் இருவரின் காதல்தான் கதையை முன்னே கொண்டுசெல்கிறது. போர், சதி, சாபம் ஆகிய யாவும் அந்தக் காதலுக்கு வரும் சோதனைகளாகவே அமைகின்றன. அர்பன் ஃபேன்டஸி எனப்படும் நகர்ப்புற மாயப்புனைவில் ஒரு கொலையோ வழக்கோ அதிகாரப் போட்டியோ கதையை நடத்துகிறது. காதல் பல நூல்களின் ஊடே மெதுவாக வளரலாம், பாதியில் முறியலாம், ஆளும் மாறலாம். திகில் நாவலில் இரத்தக்காட்டேரி அஞ்ச வேண்டிய உயிர். அதற்குக் கவர்ச்சி இருந்தாலும் அது இரையைப் பிடிப்பதற்கான கருவிதான்.

காதல் நாவல் எது என்பதற்கு ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற எழுத்தாளர் சங்கம் வகுத்த வரையறை பரவலாகப் பயன்படுகிறது. அது இரண்டு நிபந்தனைகளைச் சொல்கிறது: கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. இருவரும் இறுதியில் சேர்வார்கள் என்று முன்பே சொல்வதை இந்த வகையின் வாசகர்கள் கதையைக் கெடுப்பதாகக் கருதுவதில்லை; எப்படிச் சேர்வார்கள் என்பதற்காகவே அவர்கள் படிக்கிறார்கள். ஆகவே, இறுதியில் இருவரும் பிரிந்துபோகும் ஒரு நாவலைக் காதல் நாவல் என்று விற்றால் எழும் கோபத்தைப் பொறுமையின்மை என்று ஒதுக்கக் கூடாது. அது வாக்குறுதி மீறப்பட்டதற்கான கோபம்.

இதற்குச் சார்லெய்ன் ஹாரிஸின் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் தொடரைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2001-இல் வெளிவந்த அதன் முதல் நாவலான 'டெட் அன்டில் டார்க்' துப்பறியும் புனைவுக்கான ஆண்டனி விருதைப் பெற்றது. ஒவ்வொரு நூலிலும் ஒரு குற்றம், ஒரு விசாரணை என்றுதான் தொடர் நகர்ந்தது. ஆனால் வாசகர்களில் பெரும்பகுதியினர், நாயகி இறுதியில் யாருடன் வாழப்போகிறாள் என்பதற்காகவே பதின்மூன்று நாவல்களையும் தொடர்ந்தார்கள். 2013-இல் கடைசி நூல் வந்தபோது எழுந்த கடும் அதிருப்தியை இந்தப் பின்னணியில் படித்தால்தான் புரியும்: துப்பறியும் கதையாக வாசித்தவர்களுக்கு அந்த முடிவு இயல்பாக இருந்தது, காதல் கதையாக வாசித்தவர்களுக்கு அது தாங்க முடியாததாக இருந்தது. அந்தக் கடைசி நூலுக்கு வந்த கருத்துகளை மட்டும் பார்த்துவிட்டு முதல் நூலை ஒதுக்குபவர் நல்ல வாசிப்பு ஒன்றை இழக்கிறார்.

கொஞ்சம் வரலாறு தெரிந்திருப்பதும் இந்தப் படிக்கு உதவும். இரத்தக்காட்டேரியை அழகும் நாகரிகமும் உடைய பிரபுவாக முதலில் நிலைநிறுத்தியது ஜான் பொலிடோரியின் 1819-ஆம் ஆண்டுக் கதை. ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா' 1872-இல் நூல்வடிவம் பெற்ற தொகுப்பில் இடம்பெற்றது. அதில் வேட்கைக்கும் அச்சத்துக்கும் ஆளாகும் இருவருமே பெண்கள். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897-இல் வந்தது. ஆக, ஆசையும் பயமும் கலந்த இந்தக் கலவை இருபத்தோராம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அல்ல. "பழைய இரத்தக்காட்டேரிக் கதைகளில் இப்படியெல்லாம் இல்லை" என்று தொடங்கும் கருத்துகளை அந்த அளவுக்கே மதிக்கலாம். அதே சமயம், டிராகுலாவுக்கும் அவன் இரையாக்கும் பெண்களில் ஒருத்தியான மினாவுக்கும் இடையே ஜன்மம் கடந்த காதல் இருந்ததாக நினைத்துக்கொண்டு ஸ்டோக்கரின் நாவலைத் திறப்பவர்கள் ஏமாறுகிறார்கள். அந்தக் காதல் 1992-ஆம் ஆண்டின் திரைப்படம் சேர்த்தது. நாவலில் அவன் அவளுக்குச் செய்வது கொடுமை மட்டுமே. ஆன் ரைஸின் 'இன்டர்வியூ வித் த வாம்பயர்' 1976-இல் வந்தபோது இரத்தக்காட்டேரியே தன் கதையைச் சொல்லத் தொடங்கியது. அதன் துயரத்தை வாசகர் உள்ளிருந்து உணர முடிந்தது. பின்னால் வந்த காதல் நாவல்களுக்கு இந்த நாவல் வழிதிறந்தது என்றாலும், இதுவே ஒரு காதல் நாவல் அன்று. சுபமுடிவை எதிர்பார்த்து இதை எடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: உங்கள் விருப்பத்தையும் எல்லையையும் எழுதிவையுங்கள்

கருத்துகளைத் தேடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பிறர் எழுதியதைப் படித்த பிறகு எழுதினால், உங்கள் விருப்பம் எது, அவர்கள் உற்சாகம் ஊட்டிய விருப்பம் எது என்று பிரிக்க முடியாமல் போகும். இளையோருக்கான நாவல் வேண்டுமா, வயது வந்தோருக்கானதா? உடலுறவுக் காட்சிகள் விரிவாக இருக்கலாமா, கதவை மூடிவிட்டு நகர வேண்டுமா? இரத்தமும் சித்திரவதையும் எவ்வளவு தூரம் தாங்கும்? நாயகியின் குரலில் மட்டும் கதை நடந்தால் போதுமா, நாயகனின் மனமும் தெரிய வேண்டுமா? ஒரே நூலில் கதை முடிய வேண்டுமா, பத்துப் பதினைந்து நூல்கள் தொடர்ந்தாலும் சம்மதமா? இவற்றுக்கு ஒவ்வொரு வரியில் பதில் எழுதினால் போதும்.

எல்லைகளைப் பற்றி மட்டும் சற்றுக் கூடுதலாகச் சிந்தியுங்கள். இந்த வகை நாவல்களில் கட்டாயப்படுத்துதல், பின்தொடர்தல், மனத்தை வசியம் செய்தல், கடந்தகால வன்முறையின் நினைவுகள் ஆகியவை அடிக்கடி வருகின்றன. ஜே. ஆர். வார்டின் தொடரைப் போன்ற வயது வந்தோருக்கான நாவல்களில் இவை மிக வெளிப்படையாகவும் வரும். உங்களைப் புண்படுத்தக்கூடியது எது என்று உங்களுக்குத் தெரியும். உள்ளடக்க எச்சரிக்கை எழுதும் வாசகர்களை முதலில் தேடிப் படிப்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். அவர்கள் கதையின் திருப்பம் ஒன்றிரண்டை முன்கூட்டியே சொல்லிவிடக்கூடும். அந்த இழப்பு தாங்கக்கூடியதுதான்.

மூன்றாம் படி: நட்சத்திரங்களைக் கடந்து செல்லுங்கள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நட்சத்திரங்களின் பொருள் இடத்துக்கு இடம் மாறுகிறது. வாசகர்கள் நூல்களுக்கு மதிப்பெண் இடும் குட்ரீட்ஸ் தளத்தில் இரண்டு நட்சத்திரத்துக்குப் 'பரவாயில்லை' என்றும் மூன்றுக்குப் 'பிடித்தது' என்றும் பொருள். பலர் அதை அறியாமலே மூன்று நட்சத்திரத்தைக் குறை கூறுவதற்கான மதிப்பெண்ணாகத் தருகிறார்கள். வெளிவருவதற்கு முன்பே ஆர்வத்தில் ஐந்து நட்சத்திரமோ கோபத்தில் ஒரு நட்சத்திரமோ இடுபவர்களும் உண்டு. பதிப்பாளர் முன்கூட்டியே இலவசமாக அனுப்பிய படியைப் படித்து எழுதியவர் அதை வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தால், அதற்காக அவர் கருத்தைத் தள்ள வேண்டியதில்லை. குறிப்பிட்டிருப்பதே அவருடைய நேர்மைக்குச் சான்று. நேரம் குறைவாக இருந்தால், இரண்டு முதல் நான்கு நட்சத்திரம் வரை தந்து ஒன்றிரண்டு பத்தியாவது எழுதியவர்களை மட்டும் படியுங்கள். பிடித்ததையும் பிடிக்காததையும் அவர்கள்தான் ஒரே மூச்சில் சொல்லியிருப்பார்கள்.

நான்காம் படி: திரும்பத் திரும்ப வரும் குறைகளைத் தகவலாக மாற்றிப் படியுங்கள்

இக்கட்டுரையில் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். இரத்தக்காட்டேரிக் காதல் நாவல்களைப் பற்றிய வாதங்கள் சில குறிப்பிட்ட இடங்களையே சுற்றிச்சுற்றி வருகின்றன. அந்த இடங்களை அறிந்துகொண்டால், எந்தக் கருத்தைப் படித்தாலும் அது எந்த வாதத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

முதலாவது, விதிமுறை பற்றிய வாதம். "இது உண்மையான இரத்தக்காட்டேரியே அல்ல" என்ற குறையை ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' வந்த 2005 முதல் இன்றுவரை காணலாம். வெயில் பட்டால் சாம்பலாகாமல் உடல் மினுமினுக்கிறது என்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஆனால் ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் நடமாடுகிறான். பகலில் அவன் ஆற்றல்தான் குறைகிறது. சூரிய ஒளியே இரத்தக்காட்டேரியை அழித்துவிடும் என்ற வழக்கம் 1922-ஆம் ஆண்டின் 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படத்திலிருந்து பரவியது. அதாவது விதிகள் தொடக்கம் முதலே மாறிக்கொண்டுதான் வந்திருக்கின்றன. ஆகவே, விதி மாறியது என்று மட்டும் சொல்லும் குறையைத் தள்ளிவிடலாம். மாறாக, "மூன்றாம் அத்தியாயத்தில் சொன்ன விதியை ஆசிரியர் முடிவில் தாமே மீறிவிட்டார்" என்று ஒருவர் எழுதினால் அதை மிகவும் பொருட்படுத்துங்கள். கதையுலகத்தின் விதிகள் உறுதியாக இருந்தால்தான் காதலர்களுக்கு வரும் ஆபத்து மெய்யாக இருக்கும். ஆசிரியர் நினைத்தபோதெல்லாம் தளர்கிற விதி எந்தக் காதலையும் சோதிப்பதில்லை.

இரண்டாவது, அதிகாரமும் சம்மதமும் பற்றிய வாதம். இந்த வகையில் மிகவும் ஆழமானது இதுவே. ஒருவருக்கு நூற்றாண்டு வயது, பேராற்றல், பெருஞ்செல்வம்; மற்றவர் சாதாரண மனிதர். மேயரின் எட்வர்ட் 1901-இல் பிறந்து, 1918-இல் பதினேழு வயதில் இரத்தக்காட்டேரியானவன். அவன் காதலிக்கும் பெல்லாவுக்குப் பதினேழு வயது. அவள் உறங்கும்போது அவளறியாமல் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். சில வாசகர்கள் இதைக் காவல் என்கிறார்கள்; சிலர் அத்துமீறல் என்கிறார்கள். புனைவில் அச்சத்தை நெருங்கிப் பார்ப்பதில் ஓர் இன்பம் உண்டு என்பதையும், அதைப் படிப்பவர் வாழ்க்கையில் அப்படியொருவரை விரும்புகிறார் என்று பொருள்கொள்ளக் கூடாது என்பதையும் நான் உறுதியாக நம்புகிறேன். பெண்களே பெருமளவில் படிக்கும் இந்த நாவல்களின் வாசகர்களுக்குப் புனைவையும் வாழ்க்கையையும் பிரித்தறியத் தெரியாது என்ற தொனியில் எழுதப்படும் கருத்துகளில் அக்கறையைவிட அவமதிப்பே மிகுதி. ஆயினும், நாவல் அந்த அத்துமீறலை அத்துமீறல் என்று அறிந்திருக்கிறதா என்ற கேள்வி நியாயமானது. நாயகி அதை எதிர்க்கிறாளா, அவளுடைய எதிர்ப்புக்குக் கதையில் விளைவு உண்டா, அவன் மாறுகிறானா என்பதைச் சொல்லும் கருத்துகளைத் தேடுங்கள். "நாயகன் அடக்கியாள்கிறான்" என்ற ஒற்றை வரி உங்களுக்கு எதையும் சொல்லாது. எந்தக் காட்சியில், எதைக் கேட்காமல் செய்தான், பிறகு என்ன நடந்தது என்று விளக்கும் கருத்து உங்கள் இரண்டாம் படிக் குறிப்போடு ஒப்பிட உதவும்.

இதே நூல்களில் சம்மதத்தின் மறுபக்கமும் இருக்கிறது. அதைக் கவனிக்கும் வாசகர்கள் மதிப்புக்குரியவர்கள். ஹாரிஸின் சூக்கிக்குப் பிறர் மனத்தில் ஓடுவது கேட்கும். இரத்தக்காட்டேரிகளின் மனம் மட்டும் அவளுக்குக் கேட்பதில்லை. அதனால்தான் அவர்களுடைய அருகாமை அவளுக்கு அமைதி தருகிறது. மேயரின் எட்வர்டுக்கும் பிறர் மனம் கேட்கும்; பெல்லாவின் மனம் மட்டும் கேட்பதில்லை. ஒரு நாவலில் கேட்கும் திறன் பெண்ணிடமும் மற்றதில் ஆணிடமும் இருக்கிறது என்றாலும், இரண்டிலும் ஈர்ப்பின் வேர் ஒன்றே: எல்லாவற்றையும் அறிந்தவருக்கு அறிய முடியாத ஒருவர். அமானுஷ்ய ஆற்றல் இவ்வாறு காதலின் காரணமாகவே அமையும்போதுதான் இந்த வகை தன் முழு வலிமையில் இருக்கிறது. கோரைப்பற்களை எடுத்துவிட்டால் அதே கதை பணக்கார நாயகனின் கதையாக நடக்கும் என்றால், அந்த நாவலுக்கு இரத்தக்காட்டேரி தேவையே இல்லை. ஒரு கருத்தைப் படிக்கும்போது, "இவர் சொல்லும் காதலுக்கு அந்த ஆற்றல் எதற்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் அந்த நூலைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விதி சேர்த்த துணை என்ற உத்தி பற்றிய வாதம். பார்த்த கணத்திலேயே, அல்லது முகர்ந்த கணத்திலேயே, இவள்தான் என் துணை என்று நாயகனுக்குத் தெரிந்துவிடும். கிறிஸ்டின் ஃபீஹனின் 'டார்க் பிரின்ஸ்' 1999-இல் தொடங்கிய கார்பேத்தியன் தொடரில், துணையைக் காணும்வரை ஆண்களுக்கு நிறங்களே தெரியாது, உணர்ச்சிகளும் மங்கிப்போயிருக்கும். இந்த உத்தியை விரும்புபவர்கள் அதில் ஒரு பாதுகாப்பை உணர்கிறார்கள்: அவன் விட்டுப்போவானோ என்ற கவலை முதல் பக்கத்திலேயே தீர்ந்துவிடுகிறது. வெறுப்பவர்கள், தேர்ந்தெடுக்கும் உரிமை பறிபோனதாக உணர்கிறார்கள். என் எண்ணத்தில், உத்தியில் குற்றமில்லை. இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் காட்சிகளை எழுதாமல் தப்பிப்பதற்கு அதைப் பயன்படுத்தும்போதுதான் நாவல் தளர்கிறது. விதி சேர்த்த பிறகும் பேச வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன. எனவே "உடனே காதல் வந்துவிட்டது" என்ற குறையைக் கண்டால், அதன் பிறகு அவர்கள் என்ன பேசினார்கள் என்று அந்த வாசகரோ வேறொருவரோ எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நான்காவது, வேகம் பற்றிய குறை. வரலாற்றாசிரியரான டெபோரா ஹார்க்னஸ் 2011-இல் எழுதிய 'எ டிஸ்கவரி ஆஃப் விட்ச்சஸ்' நாவலில், ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் ஒரு பழஞ்சுவடியைத் திறக்கும் சூனியக்காரக் குலத்துப் பெண்ணும், விஞ்ஞானியான ஓர் இரத்தக்காட்டேரியும் சந்திக்கிறார்கள். நூலகம், தேநீர், மது, பழைய நூல்கள் என்று பக்கங்கள் போகின்றன, கதை நகரவில்லை என்பது அதைப் பற்றி அடிக்கடி கேட்கும் குறை. அந்தப் பட்டியலைப் படிக்கும்போதே உங்களுக்கு ஆசை எழுந்தால், நூல் உங்களுடையது. குறையை ரசனைக்கான சாவியாக மாற்றுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

சாவதா, சாவின்றி வாழ்வதா என்ற தேர்வை நாவல் எப்படிக் கையாள்கிறது என்பதும் வாசகர்களைப் பிரிக்கிற ஒன்று. காதலுக்காக மனித வாழ்வையும் குடும்பத்தையும் விடுவதன் விலையைக் கதை உணர்த்துகிறதா, அல்லது அழியா இளமையைப் பரிசாக அளித்துவிட்டு நகர்கிறதா என்று கேட்கும் கருத்துகள் பெரும்பாலும் ஆழமானவை. ஆனால் அவை முடிவைச் சொல்லிவிடும். நூலை முடித்த பிறகு படிப்பதற்கென்று அவற்றை எடுத்துவையுங்கள்.

ஐந்தாம் படி: தொடர்களின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த வகையில் தனி நூல்கள் குறைவு. தொடர்களில் இரு விதங்கள் உண்டு. ஃபீஹன், வார்ட், கிரெஸ்லி கோல் போன்றோரின் தொடர்களில் பொதுவாக ஒவ்வொரு நூலும் வெவ்வேறு இணையின் கதை. முதல் நூலின் காதலர்கள் அடுத்த நூலில் துணைப்பாத்திரங்களாக வருவார்கள். லாரல் கே. ஹாமில்டன், ஹாரிஸ், பட்ரீஷியா பிரிக்ஸ் ஆகியோரின் தொடர்களில் ஒரே நாயகி நூல்தோறும் தொடர்கிறாள். முதல் விதத்தில், பிடிக்காத இணையின் நூலைத் தாண்டிச் செல்ல ஓரளவு முடியும், இரண்டாவதில் முடியாது. "நடுவிலிருந்து தொடங்கலாமா?" என்ற கேள்விக்கு வாசகர்கள் தரும் முரணான பதில்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவதால் எழுபவையே.

தொடரின் பிந்தைய நூல்களுக்கு முதல் நூலைவிட உயர்ந்த மதிப்பெண் இருப்பதைக் கண்டு, போகப்போகத் தரம் கூடுகிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முதல் நூலைப் பிடிக்காதவர்கள் அத்துடன் விலகிவிடுகிறார்கள். எட்டாம் நூலுக்கு மதிப்பெண் இடுபவர்களில் பெரும்பாலோர் முந்தைய ஏழு நூல்களையும் விரும்பிப் படித்தவர்கள். ஆகவே பிந்தைய நூல்களின் மதிப்பெண் இயல்பாகவே உயர்ந்துதான் தெரியும். அப்படியிருந்தும் ஒரு தொடரின் நடுவில் மதிப்பெண் சட்டென்று இறங்கினால், அங்கே ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். ஹாமில்டனின் அனிட்டா பிளேக் தொடர் 1993-இல் துப்பறியும் சாயலோடு தொடங்கியது. 2001-இல் வந்த பத்தாம் நூலான 'நார்சிஸஸ் இன் செயின்ஸ்' முதல் காமக் காட்சிகள் வெகுவாகக் கூடின. வாசகர்கள் அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்தார்கள். எனவே இத்தொடரைப் பற்றிய எந்தக் கருத்தையும், அது எத்தனையாவது நூல்வரை படித்தவரின் கருத்து என்று பார்த்த பிறகே எடைபோட வேண்டும்.

திரை வடிவத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களின் கருத்துகளையும் தனியே வைத்துப் படியுங்கள். எல். ஜே. ஸ்மித்தின் 'த வாம்பயர் டைரீஸ்' நாவல்கள் 1991-இல் தொடங்கின. தொலைக்காட்சித் தொடர் 2009-இல் வந்தது. நாவலின் எலெனாவுக்குப் பொன்னிறக் கூந்தல். குணத்திலும் அவள் திரையில் கண்டவள் அல்லள். திரையில் விரும்பியவளைத் தேடி வந்தவர்கள் நாவலுக்குத் தந்த குறைந்த மதிப்பெண்ணில் நாவலின் குற்றம் மிகக் கொஞ்சமே.

ஆறாம் படி: ஒரு நூலைத் தேர்ந்து, சிறிது படித்துப் பாருங்கள்

இதுவரை செய்தவற்றைக் கொண்டு இரண்டு மூன்று நூல்களைக் குறித்திருப்பீர்கள். இன்னும் தயக்கம் இருந்தால் இந்த வழியில் தொடங்கலாம். பதின்பருவக் காதலின் தவிப்பு வேண்டுமென்றால் மேயர். காதல் முன்னே நிற்க வேண்டும், காட்சிகள் வெளிப்படையாக இருந்தாலும் பரவாயில்லை என்றால் 2005-இல் வெளிவந்த வார்டின் 'டார்க் லவர்'. அதன் கொச்சைப் பேச்சும் விசித்திரமான பெயர்களும் சிலருக்கு ஒவ்வாது என்பதை அறிந்தே எடுங்கள். நகைச்சுவையும் குற்ற விசாரணையும் கலந்திருக்க வேண்டுமென்றால் ஹாரிஸ். தன் காலில் நிற்கும், கார் பழுதுபார்க்கும் நாயகி வேண்டுமென்றால் 2006-இல் வந்த பிரிக்ஸின் 'மூன் கால்டு'. ஓநாய் மனிதர்களுக்கு அதில் இடம் அதிகம், காதல் மெல்லக் கனலும். தேவதூதர்களும் இரத்தக்காட்டேரிகளும் ஒரே உலகில் வாழும் கதை வேண்டுமென்றால் 2009-இல் வந்த நளினி சிங்கின் 'ஏஞ்சல்ஸ் பிளட்'.

மாதிரிப் பக்கங்கள் கிடைத்தால், காதலர் இருவரும் தனியாகப் பேசும் முதல் உரையாடல்வரை படியுங்கள். தொடக்கத்தில் வரும் சண்டையையும் கொலையையும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். அவற்றைத் திறம்பட எழுதத் தெரிந்த பலருக்கு உரையாடல் வருவதில்லை, காதல் நாவல் நிற்பதோ உரையாடலில். அந்தப் பேச்சு இன்னும் நீள வேண்டும் என்று தோன்றினால் நூலை வாங்கலாம். மொழிபெயர்ப்பில் படிப்பதாக இருந்தால், நடையைப் பற்றிய கருத்துகளை அதே மொழிபெயர்ப்பைப் படித்தவர்களிடமிருந்து மட்டுமே பெறுங்கள்.

ஏழாம் படி: உங்கள் கருத்தை எழுதுங்கள்

நூலை முடித்த பிறகு, இல்லையேல் பாதியில் வைத்த பிறகும்கூட, நான்கு வரியாவது எழுதிவையுங்கள். பாதியில் வைத்தால் எந்த அத்தியாயத்தில், எதற்காக வைத்தீர்கள் என்று குறிப்பிட்டால் போதும். அது முழுமையான கருத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல. நூலை எதை எதிர்பார்த்து எடுத்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி, உங்களுக்கு முன்பின் அறிமுகமில்லாத வாசகருக்கு உங்கள் கருத்தைத் தம் ரசனைக்கு ஏற்பத் திருத்திப் படிக்கும் வாய்ப்பைத் தருகிறது.

பிறகு, பிடித்தது, பிடிக்காதது ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சியைச் சான்றாகக் காட்டுங்கள். "நாயகி முட்டாள்" என்று எழுதுவதைவிட, "எதிரி வீட்டுக்குத் தனியே போகாதே என்று காரணத்தோடு சொன்ன பிறகும் போகிறாள், போவதற்கான காரணத்தைக் கதை தரவில்லை" என்று எழுதுவது நேர்மையானது. நாயகன் செய்யும் தவறை எளிதில் மன்னித்துவிட்டு, அதே தவறைச் செய்யும் நாயகியை வசைபாடும் வழக்கம் இந்த நாவல்களைப் பற்றிய கருத்துகளில் நிறையவே தென்படுகிறது. எழுதி முடித்ததும் இருவருக்கும் ஒரே அளவுகோலைத்தான் பிடித்தீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காதலர் சேர்வதைச் சொல்லலாம் என்றேன். ஆனால் யார் சாகிறார்கள், யார் துரோகி, முக்கோணக் காதலில் யாரைத் தேர்கிறாள், மனிதராக இருந்தவர் மாறுகிறாரா என்பனவற்றை முன்னறிவிப்பின்றி எழுதாதீர்கள். வன்முறை, வற்புறுத்தல் பற்றிய எச்சரிக்கைகளை மட்டும் மறைக்காமல் மேலேயே எழுதுங்கள். பெயர்களைச் சொல்லாமல் நிகழ்வின் தன்மையைச் சொன்னால் கதையும் கெடாது, வாசகரும் காக்கப்படுவார். நூலைக் கண்டிக்கும்போது அதை நேசித்தவர்களைக் கண்டிக்காதீர்கள். ஆசிரியரை எழுத்தின் அளவில் மட்டும் விமர்சியுங்கள்.

தொடராக இருந்தால், எத்தனையாவது நூல்வரை படித்து எழுதுகிறீர்கள் என்பதையும் எழுதிய நாளையும் குறித்துவிடுங்கள். அடுத்தடுத்த நூல்களைப் படிக்கையில் உங்கள் எண்ணம் மாறினால், பழைய கருத்தை அழிக்காமல் அதன் கீழே புதியதைச் சேருங்கள். முதல் நூலில் உங்களை ஈர்த்த நாயகனே நான்காம் நூலில் சலிப்பூட்டுகிறான் என்றால், எந்த இடத்தில் அது நிகழ்ந்தது என்பது அந்தத் தொடரைத் தொடங்கலாமா என்று யோசிப்பவருக்கு மிகவும் வேண்டிய தகவல்.